நம்மவருக்கு நம் குருதி

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் பத்ரிநாராயணன் அவர்களே, ராமச்சந்திராபுரத்துத் தெலுங்கு மண்ணில் தமிழை வாடவிடாமல் வளர்த்துவரும் பெரியோர்களே, பகல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாய் இங்கே வந்திருக்கும் தோழர்களே, தூங்கும் பிள்ளைகளை மடியில் தாங்கியிருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் இருக்கும் என் உடன்பிறவாத் தங்கை அன்னக்கிளியே, மன்றச் செயலாளன் வேதாசலம் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வேண்டாம், கைதட்ட வேண்டாம். என்னை எதற்காக இன்று அழைத்தீர்கள்? ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பிக்கும் ஜுலைகா டீச்சரின் சிறுநீரகங்கள் செயலற்றுவிட்டன. வாரம் இருமுறை டயாலிசிஸ் மெஷின் அவர் குருதியைக் கழுவித் தருகிறது. வருகிற வியாழனன்று அவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். "போன வருஷம் குணசேகரனுக்காகப் பேசினீங்களே, அதே மாதிரி பேசிடுங்க சார்" என்றார் தலைவர்.

ஐயா, அதே மாதிரிதான் என்னால் பேச முடியவில்லை.

என்ன பேசினேன் அன்று? நம் மெஷின் ஷாப் குணசேகரன், இந்த அன்னக்கிளியின் கணவர், அதே டயாலிசிஸ் அறையில் கிடந்தார். இதே மைக்கில் முழங்கினேன். "காசுக்கு எவனோ விற்ற ரத்தமா நம் சோதரனுக்கு? நம்மவருக்கு நம் குருதி" என்றேன். அடுக்கினேன், அலங்கரித்தேன், ஆர்ப்பரித்தீர்கள். மறுநாளே இருபத்திரண்டு பேர் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டினோம். முதல் ஆள் நான். மார்பு எப்படி நிமிர்ந்திருந்தது தெரியுமா?

நர்ஸம்மா கேட்டார்: "எப்புடைனா காமெர்லு ஒச்சாயா?" எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததா என்று.

வந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு. அல்வாலில் மைத்துனர் வீட்டில் தங்கிக் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தேன். பத்தியம் இருந்தேன். இறங்கிவிட்டது, போயே போய்விட்டது என்று நம்பினேன். நம்பினேனா? நம்பியிருந்தால் வந்து போனது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. முதுகுக்குப் பின்னால் இருபத்தோரு பேர். கூட்டி வந்தவனே வரிசையை விட்டு விலகுவதா? "லேதம்மா" என்றேன். இல்லை என்றேன். மேடையில் ஆயிரம் சொல் அடுக்கியவன் அங்கே சொன்னது அந்த ஒரு சொல்தான்.

மூன்றாம் மாதம் குணசேகரனின் கண்கள் மஞ்சளித்தன. அவர் அக்கா செல்லம்மா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக இருந்தார்; வேலூரில் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். காமாலையோடு கத்தி வைக்க முடியாது என்றார்கள். நாள் தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. பங்குனியில் அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அத்தோடு விட்டதா? அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே மெஷின், அதே கைகள். சிந்திய ரத்தம் ஒரு துளி போதுமாம். இன்னும் இருவர் கண்களில் மஞ்சள். ஜுலைகா டீச்சரின் கண்கள் இன்றுவரை வெள்ளை.

யாரது பின்வரிசையில்? "உங்களாலதான்னு எப்படி சார் சொல்றீங்க?" என்றா கேட்கிறாய்? கேள் தம்பி. டாக்டரிடம் நானே போய்க் கையை நீட்டினேன். பம்பாய்க்கு அனுப்பிச் சோதித்தார்கள். காமாலைக் கிருமி இன்னும் என் ரத்தத்தில் இருக்கிறது. "உங்க ரத்த பாட்டிலா, வேற பாட்டிலா, மெஷினான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

இப்போது நான் என்ன செய்ய? உங்களை அழைக்காவிட்டால் டீச்சர் பிழைப்பாரா? அழைத்து, உங்களில் ஒருவர் என்னைப் போல் வெட்கப்பட்டுப் பொய் சொன்னால் பிழைப்பாரா? சோதிக்கும் மருந்து வியாழனுக்குள் வந்து சேராதாம். மஞ்சளே காணாதவன் ரத்தத்திலும் கிருமி இருக்குமாம். எனக்கு வழி தெரியவில்லை. வருகிறவர்கள் வாருங்கள். ஆனால் காமாலை கண்டவர் எவரும் வராதீர்கள். வராதவரைக் கோழை என்று எவனாவது சொன்னால், அவனை என்னிடம் அனுப்புங்கள்.

தலைவர் சீட்டு அனுப்புகிறார். முடித்துக்கொள்கிறேன் ஐயா.

அன்னக்கிளி, இதை உன் வீட்டுக்கு வந்து உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஐந்து மாதத்தில் மூன்று முறை வந்தேனம்மா. மூன்று முறையும் காபி கொடுத்தாய். "அப்பாவுக்கு மொதல்ல ரத்தம் குடுத்தது இந்த மாமாதான்" என்று பிள்ளைகளிடம் என்னைக் காட்டினாய். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை அலங்கரிக்க எனக்குத் தெரியும். இன்று அதைத் தொடமாட்டேன்.

அவள் எழுந்துவிட்டாள். தாய்மார்களே, கொஞ்சம் கால்களை மடக்கி வழிவிடுங்கள், அவள் போகட்டும். இதுவரை கேட்டிருந்த அவைக்கு நன்றி. வணக்கம்.