தேயாத ஷூ

– அது ஓடுற ஷூ, மேடம். அதைக் கீழ வைங்க.

– விலை இதுதானேண்ணா கம்மியா இருக்கு. ஆயிரத்து நூறு. அந்தக் கண்ணாடி அலமாரில இருக்கிறதுக்கெல்லாம் ஆறாயிரம், ஏழாயிரம்னு எழுதி வெச்சிருக்கீங்க. அதை விடுங்க, என் காலுக்கு இது போதும்.

– பொய் சொல்ல மாட்டேன், இதை வித்தா எனக்கு நல்லதுதான். எப்படியாவது தள்ளிவிடுன்னு முதலாளி ரெண்டு மாசமா உயிரை எடுக்கிறாரு. ஆனா நீங்க பேட்மிண்டன்னு சொல்லிட்டீங்களே. இது நேரா ஓடறதுக்குச் செஞ்சது. குதிகால் பாருங்க, எவ்வளவு உயரம். கோர்ட்ல சைடுல எட்டி ஒரு ஷாட் எடுத்தீங்கன்னா ஷூ நின்ன இடத்துலயே நிக்கும், கணுக்கால் மட்டும் மடங்கும்.

– உங்களுக்கு மடங்குச்சா?

– எனக்கு முட்டி. எட்டு வருஷம் இந்த மாதிரி ஷூ போட்டுத்தான் ஆடினேன், சொல்லித் தர ஆளில்ல. இப்ப ஏணில ஏறி ஒரு டப்பா எடுக்கணும்னா பில் போடற பொண்ணைத்தான் கூப்பிடணும். யாருக்கு மேடம் ஷூ, பையனுக்கா?

– எனக்குத்தான். சிரிக்காதீங்க.

– சிரிக்கலையே.

– மீசை அசைஞ்சுது, பார்த்தேன். நாப்பத்தாறு வயசாகுது. சர்க்கரை எட்டிப் பார்க்குதுன்னு டாக்டரம்மா பயமுறுத்திட்டாங்க. தினமும் நடக்கணுமாம். தனியா சுவரைப் பார்த்துக்கிட்டு நடக்க எனக்குப் பிடிக்கல. வீட்டுக்காரர் நாலு வருஷமா காலைல ஆடப் போறாரு, என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னா ஆயிரம் சாக்கு. அதுக்குன்னு தனி ஷூ வேணுமாம், இல்லாம உள்ள விட மாட்டாங்களாம். தரையில கோடு விழுமாம். விலையைக் கேட்டா எனக்கு மயக்கம் வந்துடுமாம்.

– கோடு விழறது நெசம். கறுப்பு ரப்பர்னா தரையில இழுத்துவிட்டுடும். மயக்கம்தான் பொய். புதுசா ஆடறவங்களுக்கு ரெண்டாயிரத்துக்குள்ளயே நல்ல ஷூ இருக்கு. ஏழாயிரத்துக்கு வாங்கினா மட்டும் பந்து தானா வந்து மட்டையில படுமா?

– அதைத்தான் நானும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை காலைல ஷூவை மாட்டிக்கிட்டு அவருக்கு முன்னாடி வாசல்ல நிக்கப் போறேன். அப்ப என்ன சாக்கு சொல்றாருன்னு பார்க்கிறேன். எனக்கு உடம்பு மட்டும் இல்லண்ணா. பொண்ணும் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. ராத்திரி சாப்பிட்டா தூங்கிடறாரு. காலைல அந்த ரெண்டு மணி நேரமாவது நான் அவர் கூட இருக்கணும்.

– அப்ப இதைப் போட்டுப் பாருங்க. ஆயிரத்து எண்ணூறு. அடியைத் திருப்பி நகத்தால அழுத்துங்க. அமுங்குதா? இதுதான் கம் ரப்பர், தரையைப் பிடிக்கும், கோடு போடாது. குதிகாலும் தட்டையா இருக்கு. சாக்ஸ் தடியானதாப் போடுங்க. விரலுக்கு முன்னால கட்டை விரல் அகலம் இடம் இருக்கணும். ரெண்டு கால்ல எது பெருசு?

– ரெண்டுமே பெருசுதான். கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கே எங்க மாமியார் சொன்னாங்க, இந்தக் கால் ஏறினா வாசப்படி தாங்குமான்னு.

– கூடத்தான் இருக்காங்களா?

– இருந்தாங்க. இருபது வருஷம் என் காலு, என் சமையல், என் பொறந்த வீடுன்னு ஒண்ணு விடாமப் பேசினாங்க. பொண்ணு முன்னாடியே பேசினாங்க. ஒரு நாள் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு. ரயில்வே கேட் பக்கம் அவங்களுக்கு ஒரு ரூம் பார்த்துக் குடுத்தாரு. அந்தப் படியை மிதிச்சீங்கன்னா திரும்ப இந்தப் படியை மிதிக்காதீங்கன்னும் சொன்னேன். மனுஷன் எதுல எப்படியோ, அந்தச் சொல்லைக் காப்பாத்தினாரு. இன்னைக்கு வரைக்கும் அவங்க பேரைக் கூட எடுக்கல. அதை விடுங்க. இது இடிக்கல, நல்லாத்தான் இருக்கு. இதே மாதிரிதானே இருக்கணும், பாருங்க. அவரோடதைப் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள திருப்பி வெச்சுடணும்.

– அட, கொண்டாந்துட்டீங்களா. நல்ல ஷூ மேடம் இது. எப்ப வாங்கினது?

– ரெண்டு வருஷம் இருக்கும்.

– தினமும் போறாரா?

– மழை கொட்டினாலும் போவாரு. போன மாசம் நூத்திரெண்டு காய்ச்சல், படுங்கன்னா கேக்கல. அஞ்சரைக்கு வண்டியை எடுத்தா ஏழரைக்குத்தான் வருவாரு. அப்படி ஒரு பைத்தியம்.

– வலது கையா?

– ஆமா.

– ம். சரி, உங்களுதை பில் போடச் சொல்லட்டுமா?

– என்னண்ணா, திருப்பித் திருப்பிப் பார்த்தீங்க, இப்ப பில்லுக்குப் போயிட்டீங்க.

– ஒண்ணுமில்ல மேடம்.

– ஒண்ணுமில்லன்னு சொல்றவங்க முகம் எனக்குத் தெரியும். வீட்ல தினமும் பார்க்கிறேன். சொல்லுங்க.

– வலது கைக்காரங்க முன்னால பாய்ஞ்சு எடுக்கும்போது, இடது கால் கட்டை விரல் பக்கம் தரையில இழுபடும். யாரா இருந்தாலும். தினமும் ஆடினா ஆறு மாசத்துல அந்த இடம் நைஞ்சு போகும். இதுல அடியில இருக்கிற கம்பெனி எழுத்துக் கூட அழியல. ரெண்டு பொடி ரோட்டு மணல் ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்.

– மெதுவா ஆடறவரா இருப்பாரு.

– இருக்கலாம்.

– இருக்கலாமா, இல்லையா?

– பொய் சொல்ல மாட்டேன் மேடம். இந்த ஷூ கோர்ட்ல ஏறினதே இல்ல.

– பின்னாடி பாருங்க, குதிகால் எப்படி நசுங்கிக் கெடக்கு. ஆடாமலா இப்படி ஆகும்?

– அது லேஸை அவிழ்க்காம கழட்டிக் கழட்டி மாட்டறதுல வர்றது. ஏதாவது வீட்டு வாசல்ல அவசரமாக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போறவங்களோடது இப்படித்தான் இருக்கும்.

– எங்க வீட்ல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, லேஸை ஒவ்வொண்ணா அவிழ்த்துத்தான் கழட்டுவாரு. பார்க்கிற எனக்குப் பொறுமை போயிடும்.

– மேடம், நான் ஷூ விக்கிறவன். எனக்கெதுக்கு இதெல்லாம்.

– உள்ளயும் பாருங்க. ஏன் உப்பியிருக்கு?

– விடுங்களேன்.

– பாருங்கண்ணா.

– ஈரம். ஊறி, காய்ஞ்சு, திரும்ப ஊறியிருக்கு. வேர்வைன்னா விரலும் குதிகாலும் படற இடம் மட்டும் கறுக்கும். இது முழுசா இருக்கு. காலைக் கூடத் துடைக்காம பாத்ரூம்ல இருந்து நேரா வந்து மாட்டியிருக்காரு.

– காலைல ஆறு மணிக்கு எந்த வீட்டு பாத்ரூம்ல என் புருஷனுக்கு என்ன வேலை?

– மெதுவா மேடம், ஆளுங்க இருக்காங்க.

– இருக்கட்டும். நாலு வருஷமா அந்த ஈரத் துண்டை நான் துவைக்கிறேன். இன்னைக்கு நல்லா ஆடியிருக்காரு போலன்னு சந்தோஷமாத் துவைச்சேன். வந்ததும் பசிக்கும்னு டிபனை மூடி வெச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். பாவம், முகம் வாடிப் போயிருக்கும். இன்னைக்கு ஜெயிச்சீங்களான்னு கேப்பேன். இல்லம்பாரு. அதைக் கேட்டு நான் தேத்துவேன், நாளைக்கு ஜெயிக்கலாம்னு. எனக்கு எவ்வளவு வெக்கமா இருக்கு தெரியுமா?

– உட்காருங்க மேடம்.

– அந்த ஓடுற ஷூவை எடுங்க.

– எதுக்கு?

– நேரா ஓடறதுக்குத்தானே செஞ்சது. நாளைக்கு அஞ்சரைக்கு அவர் பின்னாடியே போறேன். எவ வீட்டு வாசல்ல கழட்டறாருன்னு பார்த்துட்டு, அவரை அங்கயே விட்டுட்டு வந்துடறேன்.

– ஒரு நிமிஷம் இருங்க. உள் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன், கையில வெள்ளையா ஒட்டுது.

– பவுடரா? பூசி மினுக்கிக்கிட்டு நிக்கிறாளா?

– மோந்து பாருங்க.

– கற்பூரம் மாதிரி அடிக்குது. மருந்து மாதிரி.

– எங்கப்பா மூணு வருஷம் படுத்த படுக்கையாக் கெடந்தாரு. முதுகுல புண்ணு வந்துடக் கூடாதுன்னு, குளிப்பாட்டித் துடைச்சதும் இதைத்தான் தட்டிவிடுவோம். தரை பூரா கொட்டும், நம்ம ஈரக் கால்ல அப்பிக்கும். இந்த வாசனை எனக்குத் தூக்கத்துல கூடத் தெரியும். இது முகத்துக்குப் போடறது இல்ல, மேடம். அந்த வீட்ல யாரோ எழுந்திரிக்க முடியாமப் படுத்திருக்காங்க.

– எழுந்திரிக்க முடியாமலா?

– ஆமா மேடம். தண்ணி கொண்டு வரச் சொல்லவா?

– எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு அந்த ரயில்வே கேட் தெருவுல குடியிருக்கா. போன வருஷம் மார்க்கெட்ல பார்த்தேன். உங்க மாமியார் விழுந்து இடுப்பு ஒடிஞ்சு மூணு வருஷமாப் படுத்திருக்காங்களே, பார்க்கப் போகலையான்னு கேட்டா.

– நீங்க என்ன சொன்னீங்க?

– யார் பார்த்துக்கிறாங்கன்னு கேட்டேன். தினமும் விடியக் காலைல ஒரு ஆள் வருது, குளிப்பாட்டி, துணி மாத்தி, ஊட்டி விட்டுட்டு அடிச்சுப் பிடிச்சு ஓடுதுன்னா. காசு குடுத்து ஆள் வெச்சுக்கிற அளவுக்கு வசதி இருக்கேன்னு சொல்லிட்டு, நான் தக்காளி பொறுக்கிக்கிட்டிருந்தேன்.

– தெரிஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க மேடம். காய்ச்சலோட ஒளிஞ்சு ஒளிஞ்சு போறாரு பாவம்.

– சொன்னா நாளைக்குப் போக மாட்டாரு. பயந்த மனுஷன். அப்புறம் யாரு குளிப்பாட்டறது, நானா? எனக்கு அவங்களைப் பிடிக்காதுண்ணா. இப்பவும் பிடிக்கல. படுத்துட்டாங்கன்னு கேட்டும் பிடிக்கல. என்ன பண்றது.

– அப்ப இந்த ஆயிரத்து எண்ணூறு ஷூ?

– அதை உள்ள வைங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு முட்டி வலின்னு சொல்லிக்கிறேன். அவரோட ஷூவைக் குடுங்க. அந்த அட்டையை இருந்த மாதிரியே வைங்க, பவுடரைத் தட்டிடாதீங்க. நாளைக்கு அஞ்சரைக்கு அவருக்கு ஆட்டம் இருக்கு.