பேனா வச்ச போனும் ஒரு முறம் மொச்சையும்

—அதை மொதல்ல மடியிலேர்ந்து கீழ வையி. அப்பளப் பலகைய வச்சிக்கினு ஒக்காந்திருக்கறாப்ல இருக்குது.

—இது அப்பளப் பலகை இல்ல ஸ்டெல்லா, போனு. புதுசு.

—போனா? இவ்ளோ பெருசா? காதுல வச்சா கன்னம் மொத்தமும் மறைஞ்சிடும்யா.

—மறையட்டும். மீசை இல்லாத இந்த மூஞ்சிய ஊரு பாக்கறதுக்கு அது எவ்ளவோ தேவல. கிறிஸ்மசுக்கு நீ எடுக்கச் சொன்னியேன்னு எடுத்தேன். அன்னியிலேர்ந்து கண்ணாடில யாரோ ஒரு ரிட்டயர்டு கம்பவுண்டர் நிக்கறான்.

—நரைச்ச மீசை, எடுத்தா நல்லாத்தான் இருக்குது. சரி, வெளக்கப் போடு. அந்தி நேரத்துல இருட்டுல ஒக்காந்து இன்னா பேச்சு? இந்தப் பக்கமாத் திரும்பி ஒக்காரு.

—போட்டாச்சி, திரும்பியாச்சி. தவளக்குப்பத்துலேர்ந்து பஸ்சுல வர்றப்போ சட்டைப் பாக்கெட்டுல வச்சேன். பாதி வெளிய நின்னு ஊரைப் பாக்குது. வுழுந்துடப் போவுதேன்னு நெஞ்சைப் புடிச்சிக்கினே வந்தேனா, பக்கத்துல நின்ன பொண்ணு "இன்னா தாத்தா, நெஞ்சு வலியா?"ன்னு கேட்டு எனக்கு சீட்டு வாங்கிக் குடுத்துச்சி. ஒரு நாள்ல போனும் வந்துச்சி, தாத்தா பட்டமும் வந்துச்சி.

—தாத்தாதானய்யா நீ.

—இங்க பாரு. இந்த மூலைல ஒரு அழுத்து அழுத்துனா...

—ஐயே! இன்னாய்யா, வால் வருது!

—வாலு இல்லம்மே, பேனா. மை கெடையாது, ஒண்ணும் கெடையாது. போனு தூங்கறப்பவே இந்தக் கருப்புக் கண்ணாடி மேல எழுதினா வெள்ளையா வருது. நம்ம சிலேட்டுதான். சிலேட்டுக் குச்சியத் தின்னே அஞ்சாங்கிளாசு முடிச்ச ஆளு நான். இதைத் தின்ன முடியாது, அது ஒண்ணுதான் கொறை.

—எழுது, பாப்போம்.

—இந்தா.

—கோழி கெளறினாப்ல இருக்குது. இது இன்னா, என் பேரா?

—உன் பேருதான். மாதா கோயில் கல்யாணப் புஸ்தகத்துல எழுதினதுக்கப்புறம் இன்னிக்குத்தான் எழுதறேன்.

—நல்லாத்தான் வழுக்கிக்கினு போவுது. சரி, வெளையாடினது போதும். ஓடு மாத்தறேன்னு எடுத்த சீட்டுப் பணத்துல உனக்கு பேனா வச்ச போனு கேக்குதா?

—எனக்கு இல்ல. உனக்கு.

—எனக்கு இன்னாத்துக்கு?

—உன் காதுக்கு.

—என் காதுக்கு இன்னா கொள்ளை?

—போன வாரம் குக்கரு கத்திக் கத்தி அடிப் பருப்பு கரியாப் போச்சி. நீ பக்கத்துலயே நின்னு தேங்கா துருவிக்கினு இருந்த.

—அந்த விசிலு ரிப்பேரு.

—கேசு சிலிண்டர்காரன் வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்திட்டுப் போயிட்டான்.

—அவன் கத்தவே மாட்டான். சோம்பேறி.

—குக்கரு ரிப்பேரு, கேசுகாரன் சோம்பேறி. உன் காது மட்டும் கும்முனு இருக்குது. ஸ்டெல்லா, மில்லு சத்தத்துல போன காதும்மே. நம்மகூட வேலை செஞ்ச பாதிப் பேருக்குப் போயிடுச்சி. ஆஸ்பத்திரில காட்டலாம். நம்ம பொண்ணு உஷாகிட்ட நாமளே சொல்லிடலாம்.

—உஷாகிட்ட சொல்லிடுவியா? சொல்லிப் பாரேன்! ஞாயித்துக்கெழமை புள்ளைய இட்டுனு வரா. ஆறு மாசக் கொழந்தைய என்னை நம்பி வுட்டுட்டு பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பறா. ஆயாவுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா வுடுவாளா? திண்டிவனத்துச் சம்பந்தியம்மா "என்கிட்ட குடு"ன்னு கைய நீட்டிக்கினு நிக்குது. தூக்கிக்கினு போயிடும்யா. அப்புறம் நான் வருசத்துக்கு ஒரு தபா, விருந்தாளியாட்டம் போயி என் பேரனப் பாக்கணும்.

—அதுக்குத்தான இது! கேளு. அந்தக் கடைல இருக்கற பொண்ணு, அழுவுற கொழந்தை சத்தத்த இன்னொரு போன்ல போட்டுக் காட்டுச்சி. ஒடனே இது கைல நடுங்குது. வெளக்கு பளிச் பளிச்சினு அடிக்குது. "குழந்தை அழுகிறது"ன்னு எழுத்து வருது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி. ஏசிக் காத்துன்னு சொல்லிச் சமாளிச்சேன். அந்தப் பொண்ணு ஏசிய அணைச்சிட்டு வந்து நிக்குது.

—செவிடிங்க வச்சிக்கறதய்யா அது. நான் வச்சிக்கினா, நான் செவிடின்னு ஆவுதில்ல? திருப்பிக் குடுத்துடு.

—ஸ்டெல்லா...

—பந்தயம் வையி. இதோ மொறத்துல மொச்சை. இதை உரிச்சி முடிக்கறவரைக்கும் நீ பேசிக்கினே இரு. உன் வாயிதான் மூடாதே. ஒரே ஒரு வார்த்தைய நான் வுட்டேன்னு வையி, போனு இருக்கட்டும், உஷாகிட்ட நானே என் வாயால சொல்லிடறேன். வுடலன்னா, நாளைக்கே கடைக்குத் தூக்கிக்கினு ஓடு. காதுப் பேச்சே இந்த வூட்டுல எடுக்கக் கூடாது.

—பந்தயத்துல நான் என்னிக்கு ஜெயிச்சிருக்கறேன்? இரு, காப்பியக் குடிச்சிக்கறேன். ம்... டம்ளரக் கீழ வச்சாச்சி. மொச்சை எந்த ஊரு?

—பாகூரு. வில்லியனூர் சந்தைல வாங்கினேன். பாத்தியா, மொத கேள்வியிலயே சொல்லிட்டனா?

—சொல்லிட்ட. கையப் பாத்து உரி, வெரலக் கிள்ளிக்கப் போற.

—மொச்சை உரிக்கக் கண்ணு எதுக்கு? கண்ணு உம்மேலதான் இருக்குது.

—இத்தினி வருசமா பாக்காத மூஞ்சிய மீசை போனப்புறந்தான் வச்ச கண்ணு வாங்காம பாக்கற.

—பேச்ச மாத்தாத. போனைப் பத்திச் சொல்லு.

—இந்தப் பேனாவுல ஒரு பொத்தான் இருக்குது. போனைத் தூரமா நிக்க வச்சிட்டு இதை அழுத்துனா போட்டோ எடுக்குது. கடைல நான் ஒரு போட்டோ எடுத்தேன். தொப்பை மட்டும் வந்துச்சி. மீதி நான் வெளிய நின்னுட்டேன்.

—அதான் உன்கிட்ட முக்கியமான பாகம். வேற?

—வேற இன்னா... கண்ணாடில பேனா வழுக்கிக்கினு போறப்போ, கை தன்னால மில்லு பஸ்சுக்குப் போயிடுச்சி.

—ஐயோ, அந்தப் பஸ்சு கண்ணாடி! ரோட்டுத் தூசி மொத்தமும் அதுலதான் ஒட்டிக்கினு இருக்கும். நீ வெளிப்பக்கம் நின்னு வெரலால என் பேர எழுதுவ.

—உள்ள ஒக்காந்திருக்கற உனக்கு அது தலைகீழாத் தெரியும்.

—தலைகீழா இல்லய்யா, எடம் வலம் மாறித் தெரியும். அதனால நீ எனக்காவத் திருப்பி எழுதிப் பழகின. ஒரு வாரம் பழகின. அதுக்குள்ள கிளீனரு கண்ணாடியத் தொடைச்சிட்டான்.

—அவன் என் ஜென்ம விரோதி. எங்க ஒதியம்பட்டுலயே அந்த பஸ்சு நிக்கும். நான் சைக்கிள மிதிச்சிக்கினு வில்லியனூருக்கு வந்து ஏறுவேன். எங்கம்மா கேட்டா, "அங்க ஏறுனாத்தான் சீட்டு கெடைக்கும்"னு சொல்லுவேன்.

—சீட்டு கெடைச்சாலும் ஒக்கார மாட்டியே. கம்பியப் புடிச்சிக்கினு எங்க சீட்டுப் பக்கமா நின்னு பாட்டு வேற.

—மில்லுக்குள்ள பாட முடியுமா? நூறு தறி ஓடுது. பக்கத்துல குண்டு போட்டாலும் கேக்காது.

—அதான் வாயசைச்சியே. எண்ணெய் டப்பாவத் தூக்கிக்கினு தறிக்குத் தறி வந்து, சத்தமே இல்லாம வாய மட்டும் அசைச்சி ஜோக்கு சொல்லுவ. நாங்க பத்துப் பொண்ணுங்க நூல் சுத்தற எடத்துல ஒக்காந்து சிரிப்போம். சூப்பர்வைசரு, எல்லாம் வெத்தலை போடுதுங்கன்னு வந்து வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தான்.

—அந்த பாஷைல நீதான் கெட்டிக்காரி. நான் பாதி அசைக்கறதுக்குள்ள பதில் வரும்.

—மில்லுல எல்லாருக்கும் தெரியும் அது.

—எல்லாருக்கும் தெரியும். உனக்கு மாதிரி யாருக்கும் தெரியாது. நான் கல்யாணத்துக்குக் கேட்டது நெனப்பு இருக்குதா?

—இல்லாம? மூணாவது தறிகிட்ட நின்னு "என்னக் கட்டிக்கிறியா?"ன்னு வாயசைச்ச. நான் "நூலு அறுந்துபோச்சி"ன்னு வாயசைச்சேன்.

—அவ்ளோதான், நம்ம நூலு அறுந்துடுச்சின்னு ஒரு வாரம் தாடியோட திரிஞ்சேன்.

—தறியில நெசமாவே நூலு அறுந்திருந்துதுய்யா! எண்ணெய் போடறவனுக்கு அது கூடவா கண்ணுக்குத் தெரியாது?

—உன்னப் பாக்கறப்போ தறி எங்க தெரிஞ்சிது.

—ஆமா, இன்னாங்கற இப்ப. வயசான காலத்துல. மொச்சை பாதிதான் இருக்குது, இன்னும் ஒரு வார்த்தை வுடல பாத்துக்க.

—பாத்துக்கினுதான் இருக்கறேன்.

—இன்னாய்யா திடீர்னு மொகம் சுருங்கிப் போச்சி? தோக்கறமேன்னா? சரி, அந்த பஸ்சுப் பாட்டப் பாடு. நீயே கட்டுன கூத்துப் பாட்டு.

—இப்பவா? வேணாம்மே.

—பாடு. பாட்டுல வார்த்தைய வுட்டுடுவேன்னு பாக்கறியா? பாடுய்யா.

—"வில்லியனூரு ரோட்டு மேல வெயிலு அடிக்குது, வெள்ளைச் சேலை ஜன்னலோரம் நெழலு புடிக்குது..."

—"மில்லு சங்கு ஊதும் முன்ன மெல்லப் பாரேன்டி, மேஸ்திரிதான் பாத்துப்புட்டா மெமோ தருவான்டி!" மாதாவே, எவ்ளோ வருசம் ஆச்சி!

—இன்னும் மறக்கலியா நீ?

—பாட்ட மறந்தாலும் மறப்பேன். உன் கொரல மறப்பனா? மூஞ்சில மீசை போச்சி, தலைல முடி போச்சி, கொரலு மட்டும் மாறவே இல்லய்யா. அதே வெங்கலக் கொரலு.

—மாறலியா?

—மாறல. சுருதி கூட எறங்கல. இன்னாய்யா, கண்ணு கலங்குது? இங்க ஏசி கூட இல்ல.

—மொச்சைல புழு இருந்துதுன்னு நெனைக்கறேன். புழுவப் பாத்தா எனக்கு அழுவை வரும்.

—மொச்சை முடிஞ்சிபோச்சி! இந்தா பாரு, வெறும் மொறம். ஒரு வார்த்தை வுட்டனா? சொல்லு.

—வுடல.

—பாட்டுல?

—வுடல. நீதான் ஜெயிச்ச.

—அப்ப நாளைக்கே கடைக்குப் போற. பொட்டில பத்தரமா வச்சி, அந்த வாலையும் சொருகிக் குடுத்துட்டு வந்துடு. புள்ளை அழுதா, எந்த மூலைல இருந்தாலும் எனக்குத் தெரியும்.

—நாளைக்குக் குடுத்துடறேன். பந்தயம்னா பந்தயம். ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? உன் கையக் குடு.

—கையெல்லாம் மொச்சைப் பிசுக்கு.

—பரவால்ல, குடு. மீசைய எடுக்கச் சொன்னப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும். நான் ஒரு கூமுட்டை, வாலிபனாட்டம் தெரியறேன் போலன்னு சந்தோசப்பட்டேன்.

—இன்னாத்துக்கு இப்ப அந்தப் பேச்சு?

—நீ பாட்டு பாடினப்போ மாதா கோயில் மணி அடிச்சி ஓஞ்சிது. நீ சிலுவை போட்டுக்கல.

—அடிச்சிதா? நான்... பாட்டு ஞாபகத்துல...

—உஷா புள்ளைக்கு நம்ம மில்லு பாஷை தெரியாது ஸ்டெல்லா. உன் முதுவுக்குப் பின்னால படுத்துக்கினுதான் அழும். கோவப்படாத, கைய எடுக்காத. அந்தக் காப்பி டம்ளரக் கீழ வச்சதுலேர்ந்து நான் வாய மட்டுந்தான் அசைச்சிக்கினு இருக்கறேன். பாட்டுக்கும் அப்பிடித்தான். இதோ, இப்பக்கூட நான் சத்தம் வுடல.