நசுங்காத எலுமிச்சம்பழம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், சாரலுக்காகப் படுதாவை இறக்கியிருந்தார்கள். முன் சீட்டில் ஒருவர் தன் பழைய காரைப் பற்றிப் பக்கத்திலிருந்த இளையவரிடம் பேசிக்கொண்டு வந்தார்.

“பிரேக் ஆயில் போற குழாய் செம்புல போட்டிருந்தேன். பளபளன்னு இருந்துச்சு. காரு அதிர அதிர விரிசல் விட்டுப்போச்சு. பெறவு நானே இரும்புக் குழாய் மாட்டுனேன்.”

“இந்தச் சாரலுக்கு இரும்பு துருப்பிடிக்காதா, அண்ணாச்சி?”

“துரு கண்ணுக்குத் தெரியும்லே. விரிசல் தெரியாது. ஆனா நான் மாட்டுன பிரேக்கை உங்க மதினி நம்பல. பூசைக்கு வச்ச எலுமிச்சம்பழத்தை மலைரோட்டு இறக்கத்துல வச்சா. ‘இதை நசுக்காம நிறுத்துங்க’ன்னுட்டு, பழத்துக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டா.”

“மதினியா!”

“அவளேதான். மேலயிருந்து காரை ஓட்டிட்டு வந்து பிரேக்கை அமுக்குனேன். டயரு பழத்துல முட்டி நின்னுட்டுது.”

“யம்மா! மதினி கண்ணை மூடிக்கிட்டாவளா?”

“அவ எங்க மூடுனா? நான்லா மூடிட்டேன்.”