பின்பக்க ரூமுக்கு ஒரு அப்பீல்

இல்லங்க, இடிக்க மாட்டாங்க, அதான் அப்பீல் போட்டிருக்கேனே. முதல்ல ரூம் எப்படின்னு கேளுங்க. இளம்பச்சை அடிச்சிருக்கேன், ஜன்னல் நல்லா பெருசு. அக்கா கைக்குழந்தையோட ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தா இங்கதான் இருக்கணும். அவ புருஷன் அவள வேணாம்னுட்டாரு. முன் ரூம்ல நானும் அப்பாவும் படுக்கவே கைகால மடக்கணும், அவளுக்கு வேற போக்கிடம் கிடையாது.

அனுமதி வாங்காம கட்டினேன், அது தப்புதான். கட்டி முடிச்சு நகராட்சில மனு போட்டா தள்ளிட்டாங்க. காரணம் ஒண்ணே ஒண்ணு. பக்கத்து வீட்டு தையல்கார அண்ணன், தனி ஆளு, குளியலறைல கேஸ் ஹீட்டர் வெச்சிருக்காரு. அதோட புகைக்குழாய் எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்குற சுவத்துல வெளிய வருது. முன்னாடி அங்க வெறும் திறந்த இடம். இப்ப அது என் ரூமுக்குள்ள வருது. ஆட்சேபணை சொன்னதும் அவரேதான். ஏண்ணே இப்படி பண்ணீங்கன்னு கேட்டேன்.

"டேய் அவசரக்குடுக்க, அந்தப் புகை ஆளையே கொன்னுடும்டா. பச்சப்புள்ளைய அங்க படுக்க வெப்பியா? ஆள் சொல்லியிருக்கேன், குழாய கூரைக்கு ஏத்திடுறான். அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

நல்ல மனுஷன். ஆனா அப்பீலுக்கு நகராட்சி இன்ஜினியர் பாக்க வர்றது இன்னிக்கு.

அதனால நேத்து, அண்ணன் கடைல இருந்தப்ப, குழாய் வாய சிமெண்ட் வெச்சு அடைச்சு, பட்டி பாத்து, பச்சை அடிச்சுட்டேன். என் பக்கத்துச் சுவர்தானே. அவர்ட்ட சொல்லல. சொன்னா குத்தி எடுன்னுவாரு. ஹீட்டர் போட்டா புகை அவர் குளியலறைக்குள்ளயே நிக்கும், அதனால காலைல அவர் குளிக்கிறதுக்குள்ள சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ரூம் துடைக்கிற வேலைல விட்டுப்போச்சு.

இன்ஜினியர் உள்ள வந்து நிக்கிறப்ப அந்தப் பக்கம் தண்ணி விழற சத்தம். அவர் சுவத்த தடவிப் பாத்தாரு.

"குழாய எடுத்துட்டாங்களா?"

"எடுத்தாச்சு சார்."

அப்பதான் சுவத்துல தட்டினாங்க. பலமா, திரும்பத் திரும்ப. அப்புறம் கீழ, தரைகிட்ட, மெதுவா.

"யாருப்பா அது?"

"பக்கத்து வீட்டு அண்ணன் சார். ஆணி அடிக்கிறாரு."

"குளிச்சுக்கிட்டே ஆணி அடிக்கிற ஆள இப்பதான்பா பாக்குறேன்."

சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். நாலு எட்டு வெச்சா அண்ணன் வீட்டு வாசல். ஆனா ஓடினா ஏன் ஓடுறன்னு இன்ஜினியர் கேப்பாரே. அவரோ நிதானமா அளந்தாரு. டீ கிடைக்குமான்னாரு. போட்டுக் குடுத்தேன்.

அவர் போய் ரொம்ப நேரமாச்சு. தண்ணி இன்னும் விழுது. நான் போய்ப் பாக்கல. கதவத் தட்டி, திறக்கலன்னா, அப்புறம் எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். இப்பவரைக்கும் எனக்கு எதுவும் தெரியாதுல்ல. பயமாத்தான் இருக்கு. நடுவுல அக்கா போன் பண்ணி, தொட்டில் எந்தப் பக்கம் போடப்போறன்னு கேட்டா. அந்தச் சுவத்தோரம்தான் குளுமையா இருக்கும்னு சொன்னேன்.

இன்ஜினியர் கிளம்புறப்ப சொன்னாரு, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணைய வாபஸ் வாங்கினா போதும், ரூம் உனக்குத்தான்னு. அவரால வாங்க முடியாது. ஆனா ஆட்சேபணை சொன்ன ஆளே இல்லன்னா, அதுவும் வாபஸ் மாதிரிதானே? நீங்க என்ன நினைக்கிறீங்க?