எலும்பு ஊசியின் காது

எனக்குச் சர்க்கரை இல்லாத டீ போதும், ஐயா. நீங்களும் குடியுங்கள். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

பழைய எலும்புக் கருவிகளை ஆராய்கிறவன் நான். ஆதிமனிதன் எலும்பில் செய்த ஊசி, தூண்டில் முள் இவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எதனால் செதுக்கினான், எதற்கு வைத்துக்கொண்டான் என்று சொல்வது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக இதில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை.

போன வருடம் அகழாய்வில் மூன்று மாதம் தோண்டியும் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள் என்ற நிலை. அதே குழியில் கிடைத்த மான் கால் எலும்பில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் ஊசியாக்கினேன். எலும்பு நிஜமாகவே பழையது, வயதுச் சோதனையில் தப்பிவிடும். கல்லால்தான் சீவினேன். காது குத்தும்போது மட்டும் பொறுமை போய்விட்டது. கல்லால் துளைத்தால் இரண்டு பக்கமும் வாய் அகன்று நடுவில் குறுகும். அரை நாள் வேலை. நான் டிரில்லை எடுத்தேன். துளை குழாய் மாதிரி நேராக விழுந்தது. படிக்க வந்த பிள்ளைகளே கண்டுபிடித்துவிடும் தப்பு. ஆனால் குழியில் அகப்பட்ட ஊசிதான் என்று நான் சான்று கொடுத்த பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

மச்சினன் பார்த்தான். என் மனைவியின் தம்பி. நான்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டேன்.

"அத்தான், இது டிரில் போட்ட ஓட்டை. ஏன் அத்தான் இப்படிப் பண்ணீங்க?" என்றான். கோபமே இல்லை, அழுதுவிடுவான் போலிருந்தது. "நீங்களே சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அக்காகிட்டகூட சொல்லல."

தங்கமான பையன். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கிடங்கில் வைத்திருக்கும் புது எலும்புகளில் கொழுப்பு மிச்சமிருக்கும், வண்டு வரும். அதனால் மாதம் ஒருமுறை கதவைச் சாத்தி விஷப்புகை விடுவோம். உள்ளே போகிறவர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். புகை விட வருகிற மருந்துக்காரர் ஆணியைப் பார்ப்பார். அது வெறுமையாக இருந்தால் வெளியே தாழ் போட்டுப் புகையைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்.

சனிக்கிழமை விட வேண்டிய புகையை வியாழக்கிழமைக்கு மாற்றச் சொல்லி நான்தான் போன் செய்தேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

வியாழன் மத்தியானம் மச்சினனைக் கூப்பிட்டேன். "சரிப்பா, கடிதம் எழுதிடறேன். அந்த மான் எலும்போட மிச்சத் துண்டு கிடங்குல கடைசி அலமாரியில இருக்கு, எடுத்துட்டு வா. அதையும் சேர்த்து அனுப்பணும்."

"இப்பதான் அத்தான் எனக்கு உயிரே வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே போனான். வில்லையை மாட்டினான். அவன் உள்ளே போனதும் நான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தட்டினான், ஐயா. "அத்தான், அத்தான்" என்றுதான் கூப்பிட்டான். தாழ்ப்பாளுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். சத்தம் ஓயும்வரை நின்றேன். நாலு நிமிஷம்கூட இருக்காது.

அன்றிலிருந்து ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. என் மனைவி என் தோளில்தான் சாய்ந்து அழுகிறாள். "அவன் வில்லை மாட்ட மறக்கிறவன் இல்லைங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிகிறது.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் மருந்துக்காரர் பிள்ளைகுட்டிக்காரர், ஒரு பாவமும் அறியாதவர். அவரை விட்டுவிடுங்கள். கொன்றவன் நான். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஊசி விஷயம் வாக்குமூலத்தில் வேண்டாம். காரணம் கேட்டால் குடும்பத் தகராறு என்று எழுதிக்கொள்ளுங்கள். தம்பியைப் பறிகொடுத்தவள், புருஷன் பித்தலாட்டக்காரன் என்ற பேச்சையும் சேர்த்துத் தாங்க மாட்டாள். எனக்காகக் கேட்கவில்லை, ஐயா. அவளுக்காகத்தான்.