என்னை இழுத்தது காதர்

இதை எழுதுவதைப் பத்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டேன். பொய் சொல்லச் சொன்னவர் எங்கள் கிறிஸ்தவ சபைக்காரர். எழுதினால் சபைக்குத்தான் அசிங்கம் என்று வாயை மூடிக்கொண்டேன். இனி முடியாது.

1990 ஆகஸ்ட் இரண்டு. வியாழக்கிழமை. குவைத். அப்போதுதான் விடிகிறது. பால் வண்டியை நான் ஓட்டுகிறேன். பக்கத்தில் காதர் அண்ணன். மேலூர்க்காரர். என்னோடு ஒரே அறையில் தங்கியவர். முதலில் தடதடவென்று ஒரு சத்தம். ரோடு ரோலர் என்று நினைத்தேன். ஈராக் டாங்கி. பிறகு ஒரு விசில். நீளமாக.

"எறங்குடா! குனி! குனி!"

காதர் கத்துகிறார். என் கை ஸ்டியரிங்கை விடவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து என்னைக் கதவு வழியாக இழுத்துப் போட்டார். குண்டு விழுந்து வண்டி கிழிந்தது. பாலும் கண்ணாடியும் மேலே கொட்டின. என் இடது காது அதோடு அடைத்துப்போனது. அப்போது நான் கூப்பிட்டது எங்கள் குலசாமியை. இதை நினைவில் வையுங்கள்.

பிறகு லாரியில் பாக்தாத். அங்கிருந்து ஜோர்டான் எல்லை. பாலைவனத்தில் கூடாரம். கக்கூஸ் கிடையாது. மலத்தின் பக்கத்திலேயே படுத்தோம். தண்ணீரில் ஈ மிதக்கும். தள்ளிவிட்டுக் குடிப்போம். காதருக்கு வயிற்றுப்போக்கு. பிறகு ரத்தம். உயிர் போகுமுன்பே ஒருவன் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றினான். தமிழ் பேசுகிறவன். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. காதர் இறந்தார். என் கைலியில் சுற்றி மணலில் புதைத்தோம்.

ஊர் திரும்பி, வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன். என் மனைவியின் அண்ணன் கேட்டது இதுதான்.

"என்ன மாப்ள, வெறுங்கையோட வாரீக? ஒரு டேப்ரிக்கார்டர்கூடவா கெடைக்கல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் நான் அனுப்பிய துணியை உடுத்தியவர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்தத் தட்டிலும் அந்தக் கூடார நாற்றம். சாமி கும்பிடப் போனாலும் கோயில் வாசலில் இதே கேள்வி. இதே சிரிப்பு.

அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்காதான் சபைக்குக் கூட்டிப் போனார். கடைசி ஜன்னல் ஓரம் பாயில் உட்கார்ந்தேன். என்ன கொண்டுவந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. முழங்கால் போட்டால் அழுகை வரும். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது. மறுபடி போனேன். மறுபடியும் போனேன்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை. எங்கள் சபையில் சாட்சி சொல்வது வழக்கம். கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும். அதற்கு முன் சபைச் செயலாளர் என்னைச் செருப்பு விடுகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பாண்டி, குண்டு விழுகையில இயேசுவேன்னு கத்துனேன், ஒரு கை வந்து இழுத்துச்சு, அப்டின்னு சொல்லுங்க."

"அது காதரண்ணே கைங்க."

"அந்தாளு எதுக்கு எடையில? சனத்துக்குக் கொழப்பமாயிரும். ஞானஸ்நானம் வேணும்ல ஒங்களுக்கு?"

வாயில் கசப்பு ஏறியது. கடிகாரத்தைக் கழற்றியவனின் முகம் இவர் முகத்தில் தெரிந்தது. இந்தச் சபையும் போனால் எனக்குப் போக்கிடம் இல்லை. அதுவும் தெரியும்.

எழுந்தேன்.

"என்னைய இழுத்தது மேலூர் காதரண்ணே. தொழுகை தவறாத மனுசன். நான் அப்ப இயேசுவக் கூப்பிடல. எனக்கு அவர அப்ப தெரியாது."

ஒரு குழந்தை பீப்பீ ஊதுகிற சத்தம் மட்டும். உட்காருவதா, வெளியே போவதா?

பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா கேட்டார்.

"அவுக சம்சாரம் எங்கய்யா இருக்கு?"

"மேலூர்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. ரெண்டு பிள்ளைக."

"அப்பப் பாஸ்டரய்யா, ஜெபத்தச் சட்டுனு முடிங்க. இம்புட்டுச் சோறு ஆக்கி வச்சிருக்கோம், மேலூருக்கு ஒரு அண்டா போகட்டும். கறி பாய் கடையில வாங்குனதுதேன். கூச்சமில்லாமச் சாப்புடுவாக."

பாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு காதரின் பெயரைச் சொல்லி, அவர் மனைவிக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தார். சபை முழுவதும் முழங்கால் போட்டது. அன்று அது என் வீடானது. இயேசு குவைத்திலும் என் பக்கத்தில் இருந்திருப்பார். நான் அவரை அறிந்தது இங்கேதான்.

அப்படியும் அருவருப்பு விடவில்லை. போன மாதம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையில் ஒரு துண்டுப்பிரதியைத் திணித்தார். அதில் என் பெயர். என் கதை. செயலாளர் எழுதிக் கொடுத்தது. காதர் இல்லை. அவர் இடத்தில் ஒளி வீசுகிற ஒரு கை. செத்தவரை இரண்டாம் தரம் புதைத்திருக்கிறார்கள். இப்படிப் பொய் சொல்லச் சொல்லிக் கர்த்தர் கேட்டாரா? காறித் துப்பினேன்.

நான் இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். காதர் அண்ணன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவரைப் புதைத்த இடம். அதற்கு அடையாளம் கிடையாது. என் இடது காது. அந்தச் சிரிப்போடு முறிந்த மச்சான் வீட்டு உறவு. கடைசியாக, அந்தத் தாளில், அவர் பெயர்.

வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாதீர்கள். குறைக்காதீர்கள். இயேசுவுக்காகக்கூட ஒரு வார்த்தையை மாற்றாதீர்கள்.