தொண்ணூற்று நான்கு

சின்னத் திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டு வைப்பது என் வழக்கம், ஐயா. தரையில் உருண்டால் ஒன்றாவது காணாமல் போகும். அன்று எட்டைக் கழற்றினேன், எட்டையும் மாட்டினேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வேலையில் கவனக்குறைவு என்று பிறகு யாரும் நொட்டை சொல்லக் கூடாது.

என் அண்ணனுக்கு நுரையீரல் பழுது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் கட்டிலருகே ஓடிக்கொண்டிருக்கும். அதன் குழாய் அவர் மூக்கில். நுரையீரல் போனாலும் நாக்கு போகவில்லை. லிஃப்ட், எடை மெஷின் என்று எண் காட்டும் திரைகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அவருக்கு அது எப்போதும் "பல்பு மாத்துற வேலை". பெண் பார்க்கப் போன வீட்டிலும் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

போன வாரம் மெஷினின் திரையில் எண்கள் பாதி பாதியாகத் தெரிந்தன. எட்டா மூன்றா என்று அண்ணிக்குப் புரியவில்லை. கம்பெனிக்காரரைக் கூப்பிடப் போனார்.

"வீட்டுல நான் இருக்கேன், அவன் எதுக்கு அண்ணி?" என்றேன்.

"இவன் தொட்டா நான் காலி," என்றார் அண்ணன்.

திறந்து பார்த்தால் ஓர் இணைப்பில் தூசி. துடைத்ததும் எண் பளிச்சென்று வந்தது. எழுபத்தொன்று. வரும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டியது. அதே இணைப்பிலிருந்த எச்சரிக்கை மணியும் உயிர்பெற்றுக் கத்தியது. திரை சரியாகிவிட்டது; மெஷின்தான் செத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? நல்லா இருந்ததைக் கெடுத்துட்டான்," என்று அண்ணியிடம் சொன்னார் அண்ணன். மூச்சு வாங்கியபோதும் ஒரு சொல்லைக் குறைக்கவில்லை.

நியாயமாகப் பாருங்கள். என்னிடம் கொடுத்த வேலை திரை. ஆக்சிஜன் என் இலாகா இல்லை. மணியின் கம்பியை வெட்டினேன். திரையைத் தனியாகப் பிரித்து, தொண்ணூற்று நான்கு மட்டும் எப்போதும் எரியும்படி மின்சாரம் கொடுத்தேன். நூறு என்று வைத்தால் நம்ப மாட்டார்கள்.

அண்ணன் எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பரவால்லடா. உன் கையிலயும் ஏதோ இருக்கு."

ஐம்பத்திரண்டு வயதில் முதல் பாராட்டு. அதைக் கேட்ட பிறகு, மெஷின் கெட்டுத்தான் கிடக்கிறது என்று எந்தத் தம்பி சொல்வான்?

மறுநாள் அவர் உதடு நீலம் பாரித்தது. அண்ணி என்னிடம் ஓடி வந்தார்.

"மூச்சு இப்படி இரைக்குதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?"

"தொண்ணூத்தி நாலு காட்டுது பாருங்க. எல்லாம் மனசுதான் அண்ணி. ஃபேனைக் கூட்டி வைங்க."

அண்ணனும், பேச முடியாமல், விரலால் திரையைக் காட்டித் தலையாட்டினார். என் வேலையில் அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது அவருக்கு.

மூன்றாம் நாள் மதியம், அண்ணி குளிக்கப் போயிருந்தபோது மூச்சு திணறியது. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அலமாரிக்குப் பின்னால் அவசரத்துக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருப்பது எனக்குத் தெரியும். அதை மாட்டியிருந்தால், எண் சரியாக இருக்கும்போது இது எதற்கு என்று அண்ணி கேட்டிருப்பார். அதனால் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் முடிந்துவிட்டது.

ஆம், நான்தான் செய்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் கொலை என்று எழுதுகிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. ஆயுளில் என்னை ஒரு வார்த்தை பாராட்டிய மனிதர் அவர் ஒருவர்தான். அவரை நான் ஏன் ஐயா கொல்லப்போகிறேன்?